ஸ்டேட் கவர்மென்ட் மேல போட்ட சிவில் ரைட்ஸ் கேஸ் டிஸ்மிஸ் ஆயிடுச்சா? அமெரிக்க ஃபெடரல் கோர்ட்ல அப்பீல் போக முழு வழிகாட்டி

வெள்ளிக்கிழமை ராத்திரி பத்தரை இருக்கும், தம்பி ஒருத்தன் போன் பண்ணான். "அண்ணே, கேஸ தூக்கி கடாசிட்டாங்கண்ணே." ஒரு ஸ்டேட் யூனிவர்சிட்டி லேப்ல ஆறு வருஷமா வேலை, நம்ம ஊர்க்காரன்ங்கிறதாலயே ப்ரமோஷன் தரல, ஏன்னு கேட்டதுக்கு கான்ட்ராக்ட்டையே புதுப்பிக்காம விட்டுட்டாங்க, இதுதான் அவன் கேஸ். வக்கீல் வைக்க காசில்லாம அவனே உக்காந்து டைப் பண்ணி ஃபெடரல் கோர்ட்ல போட்டது. ஆர்டர வாட்ஸ்அப்ல அனுப்புனான், 11 பக்கம். அவன் படிச்சது கடைசி வரி மட்டும்தான். "நாளைக்கே அப்பீல் போடணும்ண்ணே, நாப்பது பக்கம் எழுதி வச்சிருக்கேன்"ங்கிறான்.

நான் வக்கீல் கிடையாது, ஒரு லா ஆபீஸ்ல பாராலீகலா, அதாவது வக்கீலுக்கு உதவியாளா, வருஷக்கணக்கா குப்பை கொட்டுறவன், அத முதல்லயே சொல்லிடுறேன். ஆனா இந்த மாதிரி ஆர்டர் நிறைய பாத்திருக்கேன், அப்பீல் தோத்துப்போறதுல பாதி சட்டத்தால இல்ல, தேதியாலயும் ஆர்டர ஒழுங்கா படிக்காததாலயும்தான். அதனால இத கொஞ்சம் விலாவாரியா எழுதுறேன். இது அமெரிக்க ஃபெடரல் கோர்ட் சமாச்சாரம், ஸ்டேட் கோர்ட்ல போட்ட கேஸுக்கு அந்தந்த ஸ்டேட் ரூல் வேற.

மொதல்ல, ஸ்டேட் மேல கேஸ் போட்டா ஏன் இவ்ளோ சுலபமா டிஸ்மிஸ் ஆகுது

இது புரியலன்னா மேற்கொண்டு எதுவும் புரியாது, அதனால பொறுமையா படிங்க. நம்ம ஆளுங்க பெரும்பாலும் கேஸ் போடறது செக்ஷன் 1983ன்னு சொல்ற சட்டத்துல. இது 1871-ல வந்தது. உள்நாட்டு சண்டை முடிஞ்ச பிறகு தெற்கு மாநிலங்கள்ல கூ க்ளக்ஸ் க்ளான் ஆளுங்க கறுப்பின மக்கள அடிச்சு கொன்னப்போ, உள்ளூர் ஷெரீப்பும் அதிகாரிகளும் அவனுங்களோடவே சேந்து நின்னாங்க, வேலியே பயிர மேஞ்ச கதை. அதுக்காக காங்கிரஸ் போட்ட சட்டம் இது, ஸ்டேட் அதிகாரத்த கையில வச்சுக்கிட்டு ஒரு "ஆள்" உங்க அரசியலமைப்பு உரிமைய பறிச்சா அவன் மேல ஃபெடரல் கோர்ட்ல வழக்கு போடலாம்.

அந்த "ஆள்"ங்கிற ஒரு சொல்லுலதான் எல்லாமே சிக்கிக்கிச்சு. 1989-ல வில் எதிர் மிச்சிகன் ஸ்டேட் போலீஸ் கேஸ்ல சுப்ரீம் கோர்ட் என்ன சொல்லிச்சுன்னா, ஸ்டேட்டும் ஸ்டேட் டிபார்ட்மென்ட்டும் இந்த சட்டத்துக்கு "ஆள்" கிடையாது. அதுக்கு மேல பதினோராவது திருத்தம் வேற. 1793-ல சவுத் கரோலினாக்காரர் ஒருத்தர் தரப்பு ஜார்ஜியா ஸ்டேட் மேல பண பாக்கிக்கு கேஸ் போட்டு ஜெயிச்சதும், மாநிலங்கள் எல்லாம் கொதிச்சுப் போய் 1795-ல கொண்டுவந்த திருத்தம் அது. எழுதியிருக்கிறது வேற ஸ்டேட்காரன் கேஸ் போடறத பத்தி மட்டும்தான், ஆனா 1890-ல ஹேன்ஸ் எதிர் லூசியானா தீர்ப்புல சொந்த ஸ்டேட்காரனுக்கும் அதே கதவு சாத்தப்பட்டுச்சு.

அப்ப வழியே இல்லையான்னா, இருக்கு, ஆனா கதவு எங்கன்னு தெரிஞ்சு தட்டணும். ஸ்டேட் அதிகாரிய அவர் பதவியோட பேர்ல சேத்து, "இனிமே இத செய்யாதே, இத சரி பண்ணு"ன்னு வருங்காலத்துக்கு உத்தரவு கேக்கலாம், இது 1908-ல எக்ஸ் பார்ட்டே யங் கேஸ்ல வந்த வழி. இதுல பழைய பாக்கி, நஷ்டஈடு எதுவும் கேக்க முடியாது. பணம்தான் வேணும்னா அதே அதிகாரிய தனிமனுஷனா, சொந்த பேர்ல சேக்கணும், 1991-ல ஹேஃபர் எதிர் மெலோ தீர்ப்பு இதுக்கு ஆதாரம். ஆனா அப்போ அவங்க குவாலிஃபைட் இம்யூனிட்டின்னு ஒரு குடைய விரிப்பாங்க, அதாவது "இது தப்புன்னு ஏற்கனவே தீர்ப்புல தெளிவா இல்ல, அதனால என்ன புடிக்க முடியாது"ங்கிற வாதம். ஜட்ஜ், அரசு வக்கீல் மேலன்னா அதவிட பெரிய குடை, அவங்க கோர்ட் வேலைக்காக அவங்கள்ட்ட நஷ்டஈடு வாங்கறது கிட்டத்தட்ட நடக்காத காரியம். சிட்டி, கவுன்ட்டி, பெரும்பாலான ஸ்கூல் டிஸ்ட்ரிக்ட் இதெல்லாம் ஸ்டேட் கிடையாது, அதுங்க மேல 1978 மோனெல் தீர்ப்பு வழியா நேராவே போகலாம், ஆனா அங்க இருக்கிற பாலிசி இல்ல பழக்கத்தாலதான் உங்க உரிமை போச்சுன்னு காட்டணும்.

இன்னொண்ணு, காங்கிரஸே சில சட்டத்துல ஸ்டேட்டோட கவசத்த கழட்டி வச்சிருக்கு. வேலையில இன, மத, பாலின, பூர்வீக பாகுபாடுன்னா டைட்டில் செவன், இதுல ஸ்டேட் மேல பணம் கேட்டே போகலாம்னு 1976-லயே சுப்ரீம் கோர்ட் சொல்லியாச்சு. ஃபெடரல் பணம் வாங்குற ஸ்டேட் டிபார்ட்மென்ட்டுன்னா இன பாகுபாட்டுக்கு டைட்டில் சிக்ஸ், கல்வில பாலின பாகுபாட்டுக்கு டைட்டில் நைன், ஊனமுற்றோருக்கான செக்ஷன் 504, இதுலயும் அந்த கவசம் செல்லாது. டைட்டில் செவனுக்கு முன்னாடியே சம வேலை வாய்ப்பு கமிஷன்ல (EEOC) புகார் குடுத்து, கேஸ் போடலாம்ங்கிற லெட்டர் வாங்கி, லெட்டர் கைக்கு வந்து 90 நாளுக்குள்ள கேஸ் போட்டிருக்கணும், அத விட்டவங்கதான் நம்மள்ல ஏராளம்.

நம்ம தம்பி என்ன பண்ணிருந்தான்னா, செக்ஷன் 1983-ல, பிரதிவாதின்னு ஸ்டேட்டோட அங்கமான யூனிவர்சிட்டி பேர மட்டும் போட்டு, அஞ்சு லட்சம் டாலர் கேட்டிருந்தான். மூணு தப்பும் ஒரே பக்கத்துல.

ஸ்டெப் 1: ஆர்டர முழுசா படிங்க, அன்னைக்கு ராத்திரியே

பேனா எடுத்துக்கிட்டு மூணு விஷயம் தேடுங்க. ஏன் டிஸ்மிஸ் பண்ணாங்க? திரும்ப போட விடறாங்களா இல்லையா? கேஸ் மொத்தமா முடிஞ்சிருச்சா?

காரணத்த ஒவ்வொண்ணா தனி வரியா எழுதுங்க, ஏன்னா ஜட்ஜ் நாலு காரணம் சொல்லிருந்து நீங்க மூணத்தான் அப்பீல்ல தாக்குனீங்கன்னா, தொடாம விட்ட அந்த நாலாவது போதும் உங்கள கவுக்க. வழக்கமா வர்றது: ஸ்டேட்டுக்கு இம்யூனிட்டி, "ஆள்" இல்ல, குவாலிஃபைட் இம்யூனிட்டி, மனுல போதுமான விவரம் இல்ல, காலக்கெடு தாண்டிருச்சு, ஸ்டேட் கோர்ட் தீர்ப்ப இங்க மாத்த முடியாது, தண்டனை இன்னும் நிக்கும்போது அத எதுத்து நஷ்டஈடு கேக்க முடியாது. காலக்கெடுங்கிறது ஸ்டேட்டுக்கு ஸ்டேட் மாறும், செக்ஷன் 1983-க்குன்னு தனி கெடு இல்ல, அந்த ஸ்டேட்டோட உடல் காய வழக்கு கெடுதான். கலிஃபோர்னியா, டெக்சாஸ்ல 2 வருஷம், நியூயார்க்ல 3 வருஷம்.

"வித்தவுட் ப்ரெஜுடிஸ்"னு இருந்தா திரும்ப வர இடம் இருக்கு, "வித் ப்ரெஜுடிஸ்"னா அந்த கேஸ திரும்ப போட முடியாது. "லீவ் டு அமெண்ட்"னு ஒரு வரி எங்கயாவது இருக்கான்னு பூதக்கண்ணாடி வச்சு தேடுங்க. தம்பியோட 11 பக்கத்துல 9ஆம் பக்கம் அடியில இருந்துச்சு: 30 நாளுக்குள்ள திருத்தின மனு போடலாம்னு. அதாவது கேஸ் சாகவே இல்ல! இவன் பாட்டுக்கு அப்பீல் போட்டிருந்தா, இது ஃபைனல் ஆர்டரே இல்லன்னு மேல்கோர்ட் திருப்பி அனுப்பிருக்கும், இங்க அந்த 30 நாளும் ஓடிப் போயிருக்கும். அப்பீல் கோர்ட் பொதுவா கேஸ் மொத்தமா முடிஞ்ச ஆர்டரத்தான் எடுக்கும், அஞ்சு பிரதிவாதில மூணு பேர மட்டும் விடுவிச்சிருந்தா இன்னும் முடியலன்னு அர்த்தம்.

அதனால என் கருத்து இதுதான், பேர் மாத்தி, சட்டம் மாத்தி சரி பண்ணக்கூடிய ஓட்டைன்னா அப்பீல் வேணாம், மனுவ திருத்துங்க. அப்பீல்ல புது பிரதிவாதிய சேக்க முடியாது, புது ஆதாரமும் சேக்க முடியாது. தம்பி டீனையும் ஹெச்.ஆர். டைரக்டரையும் சொந்த பேர்ல சேத்து, சமத்துவ உரிமைன்னு பாராவ திருப்பி எழுதி போட்டான். ரெண்டாவது தடவையும் டிஸ்மிஸ், இந்த முறை வித் ப்ரெஜுடிஸ், மொட்டையா "பொத்தாம் பொதுவா சொல்லிருக்கு"ன்னு. அப்பத்தான் நிஜமாவே அப்பீல் வேலை ஆரம்பிச்சுது.

நடுவுல ஒரு முக்கியமான விஷயம். உங்க கேஸ்ல மாஜிஸ்ட்ரேட் ஜட்ஜ் (மாவட்ட ஜட்ஜுக்கு உதவியா இருக்கிற ஜட்ஜ்) "டிஸ்மிஸ் பண்ணலாம்"னு ரிப்போர்ட் குடுத்திருந்தா, அதுக்கு 14 நாளுக்குள்ள ஆட்சேபணை எழுதி போடணும். போடலன்னா பல சர்க்யூட்டுல (வட்டார ஃபெடரல் அப்பீல் கோர்ட்ட இப்படி சொல்வாங்க) அப்பீல் உரிமையே போயிரும், 1985-ல சுப்ரீம் கோர்ட்டும் அது சரின்னு சொல்லிருச்சு. "மாவட்ட ஜட்ஜ் எப்படியும் பாப்பாரு"ன்னு கம்முனு இருந்துடாதீங்க.

ஸ்டெப் 2: நாள் எண்ணுங்க

30 நாள். இத சுவத்துல எழுதி ஒட்டுங்க. "கவர்மென்ட் கேஸ்னா 60 நாள்"னு யாராவது சொல்வாங்க, அது அமெரிக்க மத்திய அரசோ அதோட அதிகாரியோ கேஸ்ல இருந்தா மட்டும்தான். ஸ்டேட் கவர்மென்ட்டுக்கு 30தான். இந்த குழப்பத்துல கேஸ் போனவங்கள எனக்கே தெரியும்.

எண்ணறது தீர்ப்பு கோர்ட் டாக்கெட்ல, அதாவது கேஸ் பதிவேட்டுல, பதிவான நாள்லேந்து, உங்களுக்கு தபால் வந்த நாள்லேந்து இல்ல. பதிவான நாள விட்டுட்டு மறுநாள்லேந்து ஒண்ணு, ரெண்டுன்னு போங்க. மார்ச் 3 பதிவுன்னா கடைசி நாள் ஏப்ரல் 2. கடைசி நாள் சனி, ஞாயிறு, அரசு விடுமுறைல விழுந்தா அடுத்த வேலை நாள். தபால்ல அனுப்பினா, கிளார்க் கையில அந்த தேதிக்குள்ள கிடைச்சிருக்கணும், முத்திரை தேதி செல்லாது. ஜெயில்ல இருக்கிறவங்களுக்கு மட்டும் விதிவிலக்கு, ஜெயில் அதிகாரிகிட்ட தபால குடுத்த நாளே ஃபைல் பண்ண நாள், 1988-லேந்து இப்படித்தான்.

எவ்ளோ கறார்னு காட்ட ஒரு கேஸ் சொல்றேன், போல்ஸ் எதிர் ரஸ்ஸல், 2007. தீர்ப்பு வந்த தகவல் அந்த ஆளுக்கு நேரத்துக்கு வரல, அதனால ஜட்ஜ்கிட்ட கேட்டு திரும்ப அவகாசம் வாங்கினாங்க. சட்டப்படி குடுக்க முடிஞ்சது 14 நாள், அதாவது பிப்ரவரி 24. ஜட்ஜ் எப்படியோ தப்பா பிப்ரவரி 27-ன்னு எழுதிட்டாரு. வக்கீல் ஜட்ஜ் சொன்னத நம்பி 26-ஆம் தேதி போட்டாரு. சுப்ரீம் கோர்ட் 5-4-ல, ஜட்ஜே சொன்னாலும் கெடு கெடுதான்னு கதவ சாத்திருச்சு. ஜட்ஜ் எழுதுன தேதியவே நம்பக் கூடாதுன்னா பாத்துக்கோங்க, நீங்களே காலண்டர்ல எண்ணுங்க, அப்புறம் ஒரு வாரம் முன்னாடியே போட்டுருங்க.

கெடு தவறிப் போச்சுன்னா? சரியான காரணம் இருந்தா, அந்த 30 நாள் முடிஞ்சு அடுத்த 30 நாளுக்குள்ள கீழ்கோர்ட்ல அவகாசம் கேட்டு மனு போடலாம், ஆஸ்பத்திரில கிடந்தேன் மாதிரி காரணம் எடுபடும், ரூல் தெரியலங்கிறது பெரும்பாலும் எடுபடாது. தீர்ப்பு வந்த தகவலே 21 நாளுக்குள்ள வரலன்னா அதுக்கு தனி வழி, தீர்ப்பு பதிவாகி 180 நாள், இல்ல தகவல் கைக்கு வந்து 14 நாள், எது முதல்ல வருதோ அதுக்குள்ள கேக்கணும்.

ஸ்டெப் 3: அதே ஜட்ஜ்கிட்ட திரும்ப கேக்கலாமா

கேக்கலாம். ரூல் 59(இ)ன்னு ஒண்ணு இருக்கு, தீர்ப்பு பதிவாகி 28 நாளுக்குள்ள, "நீங்க இத கவனிக்காம விட்டுட்டீங்க"ன்னு மனு. இந்த 28-அ எந்த ஜட்ஜாலயும் நீட்டிக்க முடியாது. நேரத்துக்கு போட்டா அப்பீல் கெடு நின்னுரும், அந்த மனு மேல ஆர்டர் வந்த நாள்லேந்து புதுசா 30 ஓடும். 29-ஆம் நாள் போட்டீங்கன்னா கெடு நிக்காது, நீங்க நின்னுருச்சுன்னு நெனச்சுக்கிட்டு உக்காந்திருப்பீங்க, அது பெரிய வலி.

எப்ப இது பிரயோஜனம்? ஜட்ஜ் ஒரு கோரிக்கைய மொத்தமா பேசாமலே விட்டிருந்தா, இல்ல நடுவுல புது தீர்ப்பு வந்திருந்தா. சும்மா பழைய வாதத்தையே திரும்ப எழுதினா ரெண்டு வரில தள்ளுவாரு. மனுவ திருத்த விடுங்கன்னு கேக்கணும்னாலும் தீர்ப்பு வர்றதுக்கு முன்னாடியே கேட்டுருங்க. தீர்ப்புக்கு அப்புறம், முடிஞ்ச தீர்ப்ப திரும்ப திறக்கச் சொல்ற ரூல் 60 வழியா வந்து கேட்டா தாராளம் காட்ட மாட்டோம்னு 2025-ல சுப்ரீம் கோர்ட் ஒரு கேஸ்ல கறாரா சொல்லிருச்சு.

ஸ்டெப் 4: நோட்டீஸ் ஆஃப் அப்பீல்

இத பாத்து பயப்படறாங்க, ஒரே ஒரு பக்கம்தான். யார் அப்பீல் பண்றா, எந்த தீர்ப்ப எதுத்து, எந்த கோர்ட்டுக்கு, இந்த மூணும் போதும், வாதமே வேணாம். ஃபெடரல் அப்பீல் ரூல்ஸ் பின்னாடி ஃபார்ம் 1ஏன்னு ரெடியா இருக்கு, அத நிரப்பி கையெழுத்து போடுங்க. கவனம், இத போட வேண்டியது மேல்கோர்ட்ல இல்ல, உங்க கேஸ டிஸ்மிஸ் பண்ண அதே டிஸ்ட்ரிக்ட் கோர்ட் கிளார்க்கிட்ட. தவறிப்போய் மேல போட்டுட்டா அவங்க தேதி போட்டு கீழ அனுப்பிருவாங்க, உரிமை போகாது, ஆனா ஏன் அந்த வம்பு.

நாலஞ்சு பேர் சேந்து போட்ட கேஸ்னா ஒவ்வொரு பேரையும் எழுதுங்க. 1988-ல டோரஸ் எதிர் ஓக்லாண்ட் ஸ்கேவஞ்சர் கேஸ்ல 16 பேர் அப்பீல், டைப் பண்ணவங்க ஒரு பேர விட்டுட்டாங்க, "மற்றும் சிலர்"னு மட்டும் போட்டிருந்துச்சு, அந்த 16ஆவது ஆளோட அப்பீல் போயே போச்சு. அப்புறம் ரூல கொஞ்சம் தளர்த்தினாங்க, இருந்தாலும் பேர் எழுத நோகுமா என்ன. வக்கீல் இல்லாதவர் ஃப்ரெண்டுக்காக கையெழுத்து போட முடியாது. கேஸ்ல பொண்டாட்டியும் இருந்தா உங்க நோட்டீஸ் அவங்களுக்கும் சேத்துதான்னு ரூல் எடுத்துக்கும், ஆனா அவங்களுக்காக நீங்க வாதாட முடியாது.

ரூல் 59 மனு முடிவாகறதுக்கு முன்னாடியே நோட்டீஸ் போட்டிருந்தா அது தூங்கிட்டு இருக்கும், முடிவு வந்ததும் முழிச்சுக்கும். ஆனா அந்த மனுவ தள்ளினதையும் எதுக்கணும்னா நோட்டீஸ திருத்தி மறுபடி போடணும்.

ஸ்டெப் 5: காசு

605 டாலர், நோட்டீஸ் போடும்போதே டிஸ்ட்ரிக்ட் கோர்ட்ல கட்டணும், 2023 டிசம்பர்லேந்து இந்த ரேட். இல்லாதவங்க கட்டணம் தள்ளுபடிக்கு ஃபார்ம் 4 நிரப்பணும், சம்பளம், வாடகை, கடன், கார் எல்லாம் கேப்பாங்க, மறைக்காதீங்க. கீழ்கோர்ட்லயே தள்ளுபடி வாங்கிருந்தா அது பொதுவா தொடரும், ஆனா ஜட்ஜ் "இந்த அப்பீல் நல்லெண்ணத்துல போடல"ன்னு எழுதிருந்தா தொடராது, அப்ப 30 நாளுக்குள்ள மேல்கோர்ட்லயே கேக்கணும். ஜெயில்ல இருக்கிறவங்களுக்கு 1996 சட்டப்படி முழு தள்ளுபடி கிடையாது, கணக்குலேந்து தவணையா புடிப்பாங்க, முன்னாடி மூணு கேஸ் உப்புச்சப்பில்லாததுன்னு தள்ளப்பட்டிருந்தா தவணையும் கிடையாது.

ஸ்டெப் 6: மேல்கோர்ட் அனுப்புற பேப்பர்

நோட்டீஸ் போட்ட கொஞ்ச நாள்ல சர்க்யூட் கோர்ட்லேந்து புது கேஸ் நம்பரோட தபால் வரும். நீங்க டெக்சாஸ்னா அஞ்சாவது சர்க்யூட், கலிஃபோர்னியான்னா ஒன்பதாவது, நியூஜெர்சின்னா மூணாவது, இப்படி. அதுகூட ஃபார்ம் ஒரு கட்டு இருக்கும், ஒவ்வொண்ணுக்கும் தேதி இருக்கும். இதுல ஒண்ண விட்டாலே வழக்க நடத்தலன்னு மூடிருவாங்க. உங்க சர்க்யூட்டோட லோக்கல் ரூல் தனியா இருக்கும், அத டவுன்லோட் பண்ணி ஒரு தடவையாவது ஓட்டிப் பாருங்க. வீடு மாறினா அன்னைக்கே விலாசம் குடுங்க, நியூ அட்ரஸ் தெரியாம ஆர்டர் திரும்பிப் போய் கேஸ் போன கதை நிறைய.

மனுவ மட்டும் பாத்து டிஸ்மிஸ் பண்ண கேஸ்ல விசாரணை பதிவே பெருசா இருக்காது, அதனால ட்ரான்ஸ்க்ரிப்ட் செலவு பெரும்பாலும் மிச்சம். ஆனா ஜட்ஜ் வாய்மொழியா வாதம் கேட்டு அங்கயே காரணம் சொல்லிருந்தா, 14 நாளுக்குள்ள ட்ரான்ஸ்க்ரிப்ட் ஆர்டர் பண்ணணும்.

ஸ்டெப் 7: ப்ரீஃப், இதுலதான் உயிரே இருக்கு

ப்ரீஃப்னா உங்க வாதத்த எழுத்துல குடுக்கிறது. ரெக்கார்ட், அதாவது கீழ்கோர்ட் கேஸ் கட்டு, மேல போன பிறகு 40 நாள், கோர்ட் தனியா தேதி குடுத்தா அந்த தேதி. 13,000 வார்த்தைக்குள்ள, 14 பாயின்ட் எழுத்து, பேப்பரா போட்டா நீல அட்டை. வக்கீல் இல்லாதவங்களுக்கு நாலாவது, ஒன்பதாவது மாதிரி சர்க்யூட்ல கேள்வி பதில் மாதிரியே ஃபார்ம் தருவாங்க, அதுல எழுதலாம், கௌரவக் குறைச்சல் ஒண்ணும் இல்ல.

தம்பியோட முதல் ட்ராஃப்ட் நாப்பது பக்கமும் அழுகைதான். "எனக்கு நடந்த அநியாயத்த ஜட்ஜ் புரிஞ்சுக்கவே இல்ல"ன்னு ஆரம்பிச்சு, தூக்கம் வராதது, அம்மாக்கு சுகர் ஏறுனது வரைக்கும். எல்லாம் உண்மை, ஆனா அந்த மூணு ஜட்ஜும் கேக்கிற கேள்வி அது இல்ல. அவங்க கேக்கிறது, கீழ்கோர்ட் ஆர்டர்ல தப்பு எந்த பக்கத்துல, எந்த வரில? நாங்க ரெண்டு பேரும் ஒரு ஞாயித்துக்கிழமை டைனிங் டேபிள்ல இடது பக்கம் ஆர்டரையும் வலது பக்கம் மனுவையும் வச்சு வரி வரியா பாத்தோம். ஆர்டர் 6ஆம் பக்கம், டீன் பாகுபாடா எதுவும் பேசினதா மனுல இல்லன்னு சொல்லுது. மனு 23ஆம் பாரா, டீன் மீட்டிங்ல "உங்க ஊர்க்காரங்கள லீட் பண்ண விட்டா டீமுக்கு சரி வராது"ன்னு சொன்னதா தேதியோட இருக்கு. அவ்ளோதான்! நாப்பது பக்கத்தையும் தூக்கி ஓரமா வச்சுட்டு அந்த ரெண்டு வரிலேந்து புதுசா எழுத ஆரம்பிச்சோம்.

உங்களுக்கு சாதகமான விஷயம் ஒண்ணு இருக்கு. மனுவ மட்டும் வச்சு டிஸ்மிஸ் பண்ணத மேல்கோர்ட் புதுசா, முதல்லேந்து பாக்கும், கீழ் ஜட்ஜ் சொன்னாருங்கிறதுக்காக மரியாதை குடுக்காது. மனுல நீங்க சொன்ன நடப்பெல்லாம் உண்மைன்னே வச்சுக்கிட்டுதான் பாக்கணும். இதுதான் ஸ்டாண்டர்ட் ஆஃப் ரிவ்யூ, ப்ரீஃப்ல தனி பாராவா எழுதணும். மனுவ திருத்த விடல, கெடு தவறினதுக்கு தள்ளிட்டாருங்கிற மாதிரி விஷயத்துல மட்டும் ஜட்ஜுக்கு கொஞ்சம் கை ஓங்கும்.

"பொத்தாம் பொதுவா இருக்கு"ன்னு தள்ளுன ஆர்டருக்கு எதிரா, வக்கீல் இல்லாதவங்க தவறாம எடுத்து வைக்க வேண்டிய தீர்ப்பு எரிக்சன் எதிர் பார்டஸ், 2007. கொலராடோ ஸ்டேட் ஜெயில்ல இருந்தவர், ஹெபடைடிஸ் சி, ஒரு வருஷ சிகிச்சை, வாராவாரம் ஊசி. ஊசி ஒண்ணு காணோம்னு சொல்லி சிகிச்சையையே நிறுத்திட்டாங்க. அவர் வக்கீல் இல்லாம கேஸ் போட்டாரு, கீழ்கோர்ட் தள்ளிச்சு, பத்தாவது சர்க்யூட்டும் வெறும் முடிவ சொல்றாரு விவரம் இல்லன்னு தள்ளிச்சு. சுப்ரீம் கோர்ட் வாய்மொழி வாதம்கூட கேக்காம அந்த தீர்ப்ப ரத்து பண்ணிருச்சு. ஆரம்பிச்ச மருந்த நிறுத்திட்டாங்க, உயிருக்கு ஆபத்து, இன்னும் சிகிச்சை தேவைன்னு அவர் சொல்லிருக்காரே, இந்த கட்டத்துக்கு இது போதும்னு. வக்கீல் இல்லாதவர் மனுவ தாராளமா படிக்கணும்ங்கிறதையும் அழுத்தி சொல்லிச்சு. ட்வாம்ப்ளி தீர்ப்பு வந்து, மனுல நம்பகமான அளவுக்கு விவரம் வேணும்னு ரூல இறுக்கி ரெண்டே வாரத்துல இது வந்துச்சு, அதான் இதுக்கு இவ்ளோ மதிப்பு. அதே இறுக்கத்த எல்லா சிவில் கேஸுக்கும் பொருந்தும்னு சொன்ன 2009 இக்பால் தீர்ப்புக்கு அப்புறம் எதிர்த்தரப்பு அதத்தான் தூக்கிட்டு வரும், அதனால இக்பாலுக்கும் பதில் வச்சிருங்க: யார், எப்ப, என்ன செஞ்சாங்கன்னு மனுல எந்த பாரால இருக்குன்னு காட்டுறதுதான் அந்த பதில். ஒருவேளை சட்டத்தோட பேர தப்பா எழுதினதுக்காக தள்ளிருந்தா 2014 ஜான்சன் எதிர் சிட்டி ஆஃப் ஷெல்பி இருக்கு, நடப்பு சரியா இருந்தா சட்டப் பேர் தப்பினதுக்காக கேஸ தள்ளக் கூடாதுன்னு.

இம்யூனிட்டின்னு தள்ளிருந்தா, நீங்க கேட்டதுல வருங்கால உத்தரவு எதாவது இருந்துச்சான்னு பாருங்க. "திரும்ப வேலைல சேத்துக்கணும்", "ரெக்கார்ட்ல இருக்கிறத நீக்கணும்" மாதிரி கேட்டிருந்தா, அதிகாரியோட பதவிப் பேரும் மனுல இருந்தா, அந்த அளவுக்கு மட்டுமாவது உயிர் குடுக்கலாம். குவாலிஃபைட் இம்யூனிட்டின்னா, உங்க சர்க்யூட்லயோ சுப்ரீம் கோர்ட்லயோ கிட்டத்தட்ட அதே நடப்புள்ள பழைய தீர்ப்பு ஒண்ண கண்டுபுடிக்கணும், சம்பவம் நடந்த தேதிக்கு முன்னாடி வந்த தீர்ப்பா இருக்கணும், அதுக்கு அப்புறம் வந்தது உதவாது. இங்கதான் வக்கீல் உதவி நிஜமாவே தேவைப்படும், சில சர்க்யூட்ல இலவச வக்கீல் திட்டம் இருக்கு, லா ஸ்கூல் க்ளினிக்கும் சில நேரம் அப்பீல் எடுக்கும், கேட்டுப் பாருங்க.

கீழ்கோர்ட்ல எழுப்பாத வாதத்த இங்க புதுசா எழுப்பினா பொதுவா எடுக்க மாட்டாங்க. ஒவ்வொரு நடப்புக்கும் டாக்கெட் நம்பர், பக்கம் போடுங்க. அப்புறம் ஏஐகிட்ட கேட்டு தீர்ப்பு பேர ஒட்டாதீங்க, ஒட்டினா ஒவ்வொண்ணையும் தேடி படிச்சுட்டு ஒட்டுங்க. 2023-ல நியூயார்க் ஃபெடரல் கோர்ட்ல இல்லாத தீர்ப்புகள எழுதின வக்கீலுங்களுக்கே 5,000 டாலர் ஃபைன் விழுந்துச்சு.

ஸ்டெப் 8: அப்புறம் காத்திருக்கிறது

ஸ்டேட்டோட அட்டர்னி ஜெனரல் ஆபீஸ் 30 நாள்ல பதில் போடும், செவப்பு அட்டை. நீங்க 21 நாள்ல பதிலுக்கு பதில் போடலாம், கட்டாயமில்ல, 6,500 வார்த்தை. போட்டீங்கன்னா அவங்க சொன்னதுக்கு மட்டும் பதில் சொல்லுங்க. வக்கீல் இல்லாத கேஸ்ல பெரும்பாலும் வாய்மொழி வாதம் இல்லாமலே பேப்பர பாத்து முடிவு எழுதிருவாங்க, கூப்பிடலன்னு மனசு ஒடிய வேணாம்.

தோத்தா? 14 நாளுக்குள்ள மறுபரிசீலனை கேக்கலாம், இங்கயும் அந்த நீட்டிச்ச 45 நாள் மத்திய அரசு கேஸுக்குத்தான், ஸ்டேட்டுக்கு இல்ல. சுப்ரீம் கோர்ட்டுக்கு 90 நாள், ஃபீஸ் 300 டாலர், ஆனா உங்க கேஸ்ல தப்பு நடந்துச்சுங்கிறதுக்காக அவங்க எடுக்க மாட்டாங்க, ரெண்டு சர்க்யூட் ஒரே கேள்விக்கு ரெண்டு விதமா பதில் சொல்லிருந்தாத்தான் கொஞ்சமாவது வாய்ப்பு. எதிர்த்தரப்பு வக்கீல் ஃபீஸ் தலைல விழுமோன்னு பயப்படறவங்களுக்கு, கேஸ் அடிப்படையே இல்லாததா இருந்தா ஒழிய சிவில் ரைட்ஸ் கேஸ்ல அது விழாது. சின்ன கோர்ட் செலவு வேணா வரலாம்.

தம்பி கேஸ்ல 14 மாசம் கழிச்சு அஞ்சு பக்க ஆர்டர் வந்துச்சு. ஹெச்.ஆர். டைரக்டர் மேல போட்டது போச்சு, அவர் தனியா என்ன செஞ்சாருன்னு மனுல இல்லவே இல்ல, அது எங்க தப்பு. டீன் மேல போட்டது மட்டும் திரும்ப உயிர் பெத்து கீழ்கோர்ட்டுக்கு போச்சு, 23ஆம் பாராவ அப்படியே மேற்கோள் போட்டிருந்தாங்க. இவன் போன்ல கத்துறான், "ஜெயிச்சுட்டோமாண்ணே?" இல்லடா, இப்பத்தான் கேஸே ஆரம்பிக்குது, அடுத்தது டிஸ்கவரி, ரெண்டு தரப்பும் ஆதாரத்த கேட்டு வாங்கிக்கிற கட்டம், ஈமெயில் ஒண்ணையும் டெலீட் பண்ணாத, பழைய போன எக்ஸ்சேஞ்ச்ல போட்டுராதன்னு சொல்லி வச்சேன்.